தொட்டில் வண்டியின் சத்தம்

மருத்துவச்சி வேலையில் கைப்பழக்கம் பாதிதான். மீதிப் பாதி, பிள்ளை பிறப்பதற்குள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்வது. எனக்குப் பயிற்சி கொடுத்த ஆஸ்பத்திரியில் முதல் பாதியை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது பாதிக்காக நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினோம். பழைய வண்டி வாங்கி அவதிப்பட்டவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, அவர்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவர்கள்தான் கடைசி வரை படிப்பார்கள். நம்மைப் போலவே இன்னொருவரும் எண்ணெய்க் கையோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார் என்று கேட்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

மாடு நடக்கிற வேகம்

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால் எனக்குக் கடத்தூரில் வேலை. என் வீட்டுக்காரர் சின்னசாமி அங்கேயே ஒரு நிலக்கடலை மில்லில் எண்ணெய் இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். மில் ஓடுவது கடலை வரும் மாதங்களில்தான். மற்ற நாளெல்லாம் இஞ்சினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் வேலைக்கு அப்படி மாதக் கணக்கு கிடையாது. வலி கண்டதும் அந்த வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு வருவார். வண்டி வந்து சேர அரைப்பொழுது, திரும்பிப் போக அரைப்பொழுது. அதற்குள் எது நடந்தாலும் அது நான் இல்லாமல்தான் நடக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அழுகைச் சத்தம் கேட்டு வண்டியிலிருந்து இறங்காமலே சிறிது நேரம் உட்கார்ந்திருந்ததும் உண்டு.

ஒரு முறை பொம்மிடிக்கு அப்பால் ஒரு கிராமம். வழியில் வண்டியின் கடையாணி கழன்று விழுந்துவிட்டது. ஒரு வழியாக வேறொன்று செதுக்கிப் போட்டுக்கொண்டு போனால், பிள்ளை பிறந்து, தாய் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தொப்புள்கொடியை நன்றாகவே கட்டியிருந்தாள். கையில் பெட்டியோடு வாசலில் நின்ற என்னை அந்த வீட்டு மாமியார் மேலும் கீழும் பார்த்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "வந்தது வந்துட்டீங்க நர்சம்மா, வெந்நி காஞ்சிருக்குது, கொழந்தைய குளிப்பாட்டியாச்சும் வுட்டுட்டுப் போங்க" என்றார்.

அடைக்கோழி

நான் வீடு திரும்பி இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் மனதில் ஒரு மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. மாரண்டஹள்ளியில் ஓய்வுபெற்ற ஒரு காட்டிலாகா ரேஞ்சர் இருந்தார். உத்தியோகத்தில் இருந்தபோது காட்டுப் பாதையெல்லாம் ஓட்டித் திரிந்த சீமை வண்டி ஒன்று அவரிடம் கிடந்தது. பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஆள் உட்கார ஒரு தொட்டியும் பூட்டியிருக்கும். அவருக்கு முழங்கால் போய்விட்டது, உதைத்துக் கிளப்ப முடியவில்லை என்று கேள்விப்பட்டு நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனோம்.

ரேஞ்சர் நேர்மையான மனிதர். மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போகும்போதே, "முன்னாடியே சொல்லிடறேன், இஞ்சின்ல ஒரு சத்தம் இருக்குது. என்னான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க பார்த்து எடுத்துக்கங்க" என்றார். சத்தத்தைக் கேட்கலாம் என்று என் வீட்டுக்காரர் கிட்டே போனபோது, தொட்டிக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. உள்ளே வைக்கோலைப் பரப்பி ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இஞ்சினைக் கிளப்பினால் கோழி எழுந்து ஓடிவிடும், முட்டை கூமுட்டையாகிவிடும். ரேஞ்சரின் சம்சாரம் கன்னடக்காரர், தமிழோடு கன்னடத்தைக் கலந்துதான் பேசுவார். நான் என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஸ்வல்ப நாள் பொறுத்துக்கம்மா. பெத்துப் பொழைக்கிறதப் பத்தி ஒனக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

ஆளுக்கு ஒரு அபிப்பிராயம்

குஞ்சு பொரித்த பிறகு மறுபடியும் போய் வண்டியைக் கிளப்பினோம். சத்தம் இருந்தது. சும்மா நிற்கும்போது லேசாக, வேகம் கூட்டிக் குறைக்கும்போது பலமாக, டொக் டொக் என்று, உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. என் வீட்டுக்காரர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். ஆனாலும் வாங்கினோம். மனசு ஒரு பொருளின் மேல் விழுந்த பிறகு காது சொல்வதை யார் கேட்கிறார்கள்? நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

மாரண்டஹள்ளியிலிருந்து கடத்தூர் வருவதற்குள் அந்தச் சத்தத்துக்கு எத்தனையோ பெயர் கிடைத்துவிட்டது. பாலக்கோட்டில் டீக்கடையில் நிறுத்தியபோது ஒருவர் பிஸ்டன் என்றார். இன்னொருவர் வால்வு என்றார். மோட்டாரையே தொட்டறியாத ஒரு பெரியவர், பெட்ரோல் போதவில்லை, அதனால்தான் தட்டிக் கேட்கிறது என்றார். தர்மபுரியில் பஸ் ஷெட்டில் வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார், காதர் பாய் என்று பெயர். என் வீட்டுக்காரருக்கு அவர் மேல் மரியாதை. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்கிற கம்பியின் அடிப்பக்கத்து பேரிங் தேய்ந்துவிட்டது, சாமான் சீமையிலிருந்துதான் வரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அதுவரை ஓடுமா என்று நான் கேட்டேன். பாய் என்னைப் பார்த்து ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "நிக்கிற வரைக்கும் ஓடுங்கம்மா."

பிரித்துப் போட்ட வண்டி

வண்டி எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்தது. என் வீட்டுக்காரர் பழைய வேட்டியை விரித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தார். நான் அடுப்படிக்குப் போக வேண்டுமானால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர வேண்டும். சிலிண்டரைத் தூக்கி எடுத்ததும் அந்தக் கம்பி தெரிந்தது. அதைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார், கீழே அமுக்கிப் பார்த்தார். துளி அசைவில்லை. பிஸ்டனைப் பார்த்தார், வளையங்களைப் பார்த்தார், வால்வுகளைப் பார்த்தார். எல்லாம் வயதுக்கேற்ற தேய்மானத்தோடு நன்றாகவே இருந்தன.

எனக்கு அது பழகிப்போன காட்சி. ஒரு பெண்ணைக் கூட்டி வந்து வீட்டார் ஆளுக்கொரு வியாதி சொல்வார்கள். சோதித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் அவள் வலிக்கிறது என்று சொல்வதும் பொய்யாக இருக்காது. தேடுகிற இடத்தில் இல்லை என்பதுதான் சங்கதி. நான் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, திரும்பப் பூட்டிக் கிளப்பினார். டொக் டொக். இஞ்சினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மில்லில் எந்த இஞ்சினும் அவர் பேச்சை மீறியதில்லை. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோளாறு இருந்தால் சரிசெய்யலாம். இல்லாத கோளாறை என்ன செய்வது? தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "கெட்டுப் போயிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன்" என்றார்.

மரக்குழல்

எங்கள் பெட்டியில் சின்ன மரக்குழல் ஒன்று இருக்கும். அகலமான வாயைத் தாயின் வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை வைத்தால் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும். அதில் ஒரு வசதி, எந்த இடத்தில் பலமாகக் கேட்கிறதோ அங்கே குழந்தையின் முதுகு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு மூன்று நாளாக என் வீட்டுக்காரர் அந்த வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கிளப்பச் சொல்லி, சிலிண்டரின் அடியில் குழலை வைத்துக் கேட்டேன். இஞ்சினின் சாதாரண இரைச்சல்தான். வலது பக்கம் வைத்தேன், அங்கேயும் அதேதான். இடது பக்கம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, இஞ்சினிலிருந்து கியருக்குப் போகிற சங்கிலிக்கு மூடி. அதில் வைத்ததும் காதுக்குள்ளேயே சுத்தியால் அடித்த மாதிரி இருந்தது. எனக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. சத்தம் இங்கே இல்லை, அங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன்.

அவருக்கு அது போதும். மூடியைக் கழற்றினார். சங்கிலியைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. சக்கரத்தைத் தண்டோடு சேர்த்துப் பிடிக்க நடுவில் சொருகியிருந்த இரும்புச் சில்லு தேய்ந்து போயிருந்தது. மில்லிலிருந்து நல்ல எஃகுத் துண்டு கொண்டுவந்து, அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடியும் ராவி, ஒரு புதுச் சில்லு செய்து சொருகி நட்டை முறுக்கினார். வண்டி கிளம்பியது. தட்டல் இல்லை. நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே நின்றோம். மரக்குழலில் ஏறிய எண்ணெயைப் போக்க நான் அதைச் சீயக்காய் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. அடுத்த முறை தர்மபுரி போனபோது காதர் பாயிடம் வண்டியைக் கிளப்பிக் காட்டினோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நான் சொன்னது சரிதானுங்களே, சத்தம் இஞ்சின் பக்கத்துலேருந்துதான் வந்திருக்குது" என்றார்.

முன்கூட்டியே சொல்லுங்கள்

அதன்பின் நல்ல காலம். தொட்டியில் நான், மடியில் பெட்டி. மாட்டு வண்டியில் அரைப்பொழுது போன தூரத்தை வண்டி ஒரு மூச்சில் போய்விடும். ஊர்ப் பெண்கள் அதற்குத் தொட்டில் வண்டி என்று பெயர் வைத்தார்கள். புழுதி அடங்குவதற்குள் நான் வீட்டுக்குள் போய்க் கை கழுவிக்கொண்டிருப்பேன். வாசலில் கேட்ட அழுகைச் சத்தங்கள் குறைந்தன. குறைந்தன என்றுதான் சொல்கிறேன், நின்றுவிட்டன என்று சொல்லவில்லை.

யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. பஸ்களே பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடின. எங்களுக்குக் கிடைத்த பெட்ரோல் போதாமல் என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டினார். இஞ்சின் இருமியது, கரி பிடித்தது, அடிக்கடி பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. நான் பெட்ரோல் பங்கீட்டு அதிகாரியைப் பார்க்கப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. தன் சம்சாரத்துக்கே இது நிறைமாதம் என்று சொல்லிக்கொண்டார். உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டு, நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு, "அடுத்த மாசம் எந்தெந்த ஊர்ல, எந்தெந்தத் தேதியில பிரசவம்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நான் ஏதாவது பண்ணலாம்மா" என்றார்.

மலையடிவாரம்

அந்த மண்ணெண்ணெய்க் காலத்தில்தான் ஒரு காலை வேளையில் வத்தல்மலையிலிருந்து ஆண்டி என்ற ஒருவர் ஓடி வந்தார். மேலே சாமையும் ராகியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். அவர் மனைவி ராமாயிக்கு முந்தின நாளிலிருந்து வலி, பிள்ளை இறங்கவில்லை. மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. மூங்கிலில் தூளி கட்டி அவளை அடிவாரம் வரை தூக்கி வந்துவிட்டார்கள். அவரையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்ததும் நான் சோதித்துப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. ஒரு கை வெளியே வந்துவிட்டது. மரக்குழலை வைத்துக் கேட்டேன். இடம் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. இது என் கைக்கு மீறியது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தாயையாவது காப்பாற்றலாம். ராமாயியைத் தொட்டிக்குள் துணி மெத்தையிட்டுச் சாய்த்துப் படுக்க வைத்தோம். நான் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் கால் பிரித்து உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெண்பிள்ளை அப்படி உட்கார்ந்து போவதை அந்த ரோடு அதற்கு முன் பார்த்திருக்காது. ஆண்டி வண்டிக்குப் பின்னால் ஓடி வந்து, கொஞ்ச தூரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போனார்.

பாதி வழியில் இஞ்சின் நின்றது. பிளக் கரி பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் சூட்டோடு அதைக் கழற்றினார். விரல் பொசுங்கியதை அப்புறம்தான் நான் பார்த்தேன். பிளக்கைச் சுரண்டித் துடைத்துத் திரும்பப் பூட்டி உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடியும் கழற்றினார். ராமாயி கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்துகிறவளுக்குத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். "ஏன் நின்னுபோச்சி?" என்று மட்டும் கேட்டாள். தண்ணி காட்டறாங்க, இப்ப போயிடும் என்றேன். மாட்டு வண்டி மாதிரி நினைத்துக்கொண்டாளோ என்னவோ, தலையை ஆட்டினாள். அடுத்த உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசல் வரை அதை அணைய விடாமல் என் வீட்டுக்காரர் கொண்டுபோய் நிறுத்தினார். குழந்தை முன்பே போய்விட்டிருந்தது. தாய் பிழைத்தாள். ஆண்டி நடந்தே வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. நான் சொன்னதை வேப்பமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரிடம் போய், பொசுங்கிய அந்த விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மேலேருந்து எறக்கையில ரெண்டு பேருமே இல்லைன்னுதான் எறக்கனோமுங்க."

அவள் பார்த்த வேலை

ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் ராமாயி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூட ஆண்டி, தலையில் ஒரு மூட்டை ராகி. அவளுக்கு நிறைமாதம். இந்த முறை வலி வருவதற்கு முன்பே இறங்கிவிடுவது என்று மலையிலேயே முடிவு செய்து வந்திருந்தார்கள். என்னிடம் அனுமதி கேட்கவும் இல்லை. கூடத்தில் ஒரு மூலையைப் பார்த்து மூட்டையை இறக்கினார்கள். ஆண்டி மறுநாளே தோட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். ராமாயி தங்கிவிட்டாள். ராகி திரித்தாள், வாசல் பெருக்கினாள், அவ்வப்போது வண்டியைச் சுற்றி வந்து தொட்டியைத் தடவிப் பார்த்தாள். அதற்குள் படுத்து வந்தது நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

மண்ணெண்ணெய் குடித்துக் குடித்து இஞ்சின் அதற்குள் நிஜமாகவே கெட்டிருந்தது. புகை, எண்ணெய் ஒழுகல், ஏற்றத்தில் மூச்சுத் திணறல். என் வீட்டுக்காரர் பழையபடி வேட்டியை விரித்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருந்தார். குழந்தை தலைகீழாக, சரியாக இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்லியும் அவருக்கு மனம் கேட்கவில்லை. அவளுக்கு நாள் நெருங்குகிறது, வண்டி வேண்டியிருக்கும் என்று அவசர அவசரமாகப் பிஸ்டனுக்கு வளையம் மாட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், உள்ளறையிலிருந்து ராமாயி என்னைக் கூப்பிட்டாள். நான் வெந்நீர் வைத்தேன், கை கழுவினேன். எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. என் உத்தியோகத்தில் இத்தனை கிட்டத்தில் எனக்குக் கிடைத்த பிரசவம் அது ஒன்றுதான். பெண் குழந்தை. முதல் அழுகை கேட்டதும் கூடத்தில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. குழந்தையைத் துடைத்து அவள் பக்கத்தில் கிடத்தினேன். கதவுச் சந்து வழியாக, கையில் பிஸ்டனோடு எழுந்து நின்ற என் வீட்டுக்காரர் தெரிந்தார். ராமாயி அவரைப் பார்த்துவிட்டு, தெம்பில்லாத குரலில் என்னிடம் சொன்னாள்: "அவர மெதுவாப் பூட்டச் சொல்லுங்க நர்சம்மா, எனக்கு இனிமே அவசரமில்ல."

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாமா என்று இன்றும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், இஞ்சினைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை, நீங்கள் போகாவிட்டால் நடக்காத காரியம் ஏதாவது ரோட்டின் மறுகோடியில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.